மூடுலில் நோட்ஸை மாற்றிய பிறகும் பழைய ஃபைலே வருகிறதா?

அடுத்த கேள்வி, தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு மேடம் கேட்டிருக்கிறார். பி.காம் இரண்டாம் ஆண்டுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கிறாராம். மூன்றாவது யூனிட் நோட்ஸில் ஒரு கணக்கின் விடை தப்பாக இருந்ததால், திருத்திய பிடிஎஃப்பை, கல்லூரி பாடங்களை ஏற்றி வைக்கும் இணையதளமான மூடுலில் ஏற்றியிருக்கிறார். ஆனால் பிள்ளைகள் திறந்தால் பழையதுதான் வருகிறது, இன்டர்னல் டெஸ்ட் நேரம் வேறு, நிறைய பேர் ஜெராக்ஸ் கடையில் பழையதையே பிரிண்ட் போட்டுவிட்டார்கள். மூடுலில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா, ஏ, பி, சி மூன்று செக்‌ஷனிலும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மேடம், தயவுசெய்து அழிக்காதீர்கள். கோர்ஸ் பக்கத்தில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மூடுல் ஒரு நம்பர் கொடுக்கிறது, லிங்க்கின் கடைசியில் ஐடி என்று வருகிறதே, அதுதான். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் புது நம்பர் வரும், வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய லிங்க் செத்துவிடும், படித்து முடித்ததாகப் பிள்ளைகளுக்கு விழுந்த டிக்கும் போய்விடும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. இந்த நோட்ஸைப் படித்தால்தான் க்விஸ் திறக்கும் என்று நிபந்தனை வைத்திருந்தால், நோட்ஸை அழித்ததும் அந்த க்விஸ் யாருக்குமே திறக்காது. டெஸ்ட் அன்று காலையில்தான் அது தெரியவரும். எம்.சி. ரோட்டில் கடை அதே கதவு எண்ணில் இருக்க, உள்ளே சரக்கை மட்டும் மாற்றுகிறார்களே, அப்படித்தான் இதையும் செய்ய வேண்டும்.

சரி, மாற்றியும் ஏன் பழையது வருகிறது? உங்கள் கேள்வியைப் படித்ததுமே எனக்குத் தோன்றிய காரணம் ஒன்றுதான். திருத்திய ஃபைலுக்கு 'நியூ', 'ஃபைனல்' என்று ஏதாவது சேர்த்து வேறு பெயர் வைத்திருப்பீர்கள். எடிட் செட்டிங்ஸுக்குள் போய் அதை இழுத்துப் போட்டதும் ஃபைல் வைக்கும் பெட்டிக்குள் இரண்டு ஃபைல் உட்கார்ந்துவிடும். மூடுலில் ஒரு ஃபைல் ஐட்டத்துக்குள் எத்தனை ஃபைல் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குத் திறப்பது மெயின் ஃபைல் ஒன்று மட்டும்தான். முதலில் தனியாக இருந்த பழைய ஃபைல் மெயினாகவே நிற்கும், புதியது உள்ளே சும்மா கிடக்கும். ஆகவே எடிட் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள், இரண்டு இருந்தால் பழைய ஃபைலைக் கிளிக் செய்து டெலிட் கொடுத்து சேவ் செய்யுங்கள். கவனியுங்கள், பெட்டிக்குள் இருக்கும் ஃபைலைத்தான் அழிக்கிறோம், கோர்ஸ் பக்கத்தில் இருக்கும் ஐட்டத்தை அல்ல.

இனிமேல் திருத்தும்போது பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். அதே பெயரில் இழுத்துப் போட்டால் இந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, ஓவர்ரைட் செய்யவா, பெயர் மாற்றவா என்று அதுவே கேட்கும். ஓவர்ரைட் கொடுத்து சேவ் செய்தால் முடிந்தது. ஓவர்ரைட் செய்த பழைய ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அங்கே போவது முழுசாக அழித்த ஐட்டங்கள்தான், அதனால் பழையது ஒரு காப்பி உங்கள் கம்ப்யூட்டரில் தேதி போட்டு இருக்கட்டும்.

அப்படியும் ஒருசிலருக்குப் பழையது வந்தால் அது அவர்களுடைய போனில் உள்ள விஷயம். மூடுல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஃபைலின் நேரடி முகவரியில் ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டே போகும், பிரவுசர் பழைய காப்பியைக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் அது. ஆனால் யாராவது பிடிஎஃப்பின் நேரடி முகவரியைக் காப்பி செய்து குரூப்பில் போட்டிருந்தால் அதில் பழைய எண் இருக்கும், போன் தன்னிடம் சேமித்து வைத்ததையே எடுத்துக் காட்டலாம். எப்போதும் கோர்ஸ் பக்கத்தில் உள்ள லிங்க்கையே பகிரச் சொல்லுங்கள். மூடுல் ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்திருப்பவர்கள் நெட் உள்ள இடத்தில் பக்கத்தைக் கீழே இழுத்து ரீஃப்ரெஷ் செய்தால் போதும்.

அப்புறம் மூன்று செக்‌ஷன் விஷயம். உங்கள் டிபார்ட்மென்ட்டில் பழைய ஆட்கள் யாராவது ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று சொல்லியிருக்கலாம். மூடுலின் 1.9 பதிப்பு வரை கோர்ஸுக்கென்று பொதுவாக ஒரு ஃபைல் பகுதி இருந்தது, அந்தக் கோர்ஸுக்குள் அது உண்மை. 2010-இல் 2.0 வந்தபோது அந்த ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரே பிடிஎஃப்பை செக்‌ஷனுக்கு ஒன்றாக மூன்று கோர்ஸில் ஏற்றினாலும் சர்வரில் ஒரு காப்பிதான் சேமிக்கப்படும், ஏனென்றால் உள்ளே இருக்கும் விஷயத்தை வைத்துத்தான் அது ஃபைலை அடையாளம் காண்கிறது. ஆனால் ஏ செக்‌ஷனில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது வேறு ஃபைலாகிவிடும், பி, சி இரண்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது, நிறைய ஆசிரியர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நோட்ஸை முதலில் மூடுலில் உங்களுக்கென்று தனியாக இருக்கும் பிரைவேட் ஃபைல்ஸ் பகுதியில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு கோர்ஸிலும் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் ஃபைல் பிக்கரைத் திறந்து, பிரைவேட் ஃபைல்ஸில் இருந்து அதைத் தேர்ந்தெடுக்கும்போது காப்பி எடு என்பதற்குப் பதிலாக அலியாஸ் அல்லது ஷார்ட்கட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி பிரைவேட் ஃபைல்ஸில் அதே பெயரில் ஓவர்ரைட் செய்தால் மூன்று செக்‌ஷனிலும் மாறிவிடும். அந்த மூல ஃபைலை அழித்துவிட்டால் மட்டும் மூன்றும் தனித்தனிக் காப்பியாக மாறிவிடும், பிள்ளைகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை, ஆனால் இணைப்பு அறுந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கையால் எழுதிய நோட்ஸை போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் முப்பது, நாற்பது எம்பி வந்துவிடுகிறது. எண்ணூரில் இருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜை வைத்துக்கொண்டுதான் எல்லாப் பாடத்தையும் படிக்கிறது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த நாற்பது எம்பியை மறுபடி இறக்கச் சொல்வது நியாயமே இல்லை. ஸ்கேன் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக எடுங்கள், யூனிட்டை இரண்டு மூன்று ஃபைலாகப் பிரித்துத் தனித்தனி ஐட்டமாகப் போடுங்கள், தப்பு இருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் என்ற பகுதியில் ஃபைல் அளவையும் மாற்றிய தேதியையும் காட்டும் டிக் இரண்டு இருக்கிறது, இரண்டையும் போட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் காசு கொடுப்பதற்கு முன்னால் கையில் இருப்பது எந்தத் தேதி நோட்ஸ் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.