மெதுவாக ஓட்டினால் குற்றம் இல்லையா?

[காட்சி: இரவு, நிலாவெளி வீதி. இடது ஓரமாக ஊர்ந்து போகும் ஓட்டோ.]

வணக்கம். நிலாவெளியில் ஒரு கல்யாண வீடு. இரவு 11 மணிக்குச் சாப்பாடு முடிந்து, கொஞ்சம் சாராயமும் உள்ளே போன பிறகு, ஒருவர் ஓட்டோவை எடுக்கிறார். "அண்ணே, வேண்டாம்" என்றால் என்ன சொல்வார்? "மெல்லமாத்தானே போறன், ஒண்டும் நடக்காது தம்பி."

திருகோணமலையில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. இது எவ்வளவு பிழையான நம்பிக்கை என்று பார்ப்போம்.

இலங்கைச் சட்டத்தில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல் என்பதுதான் எல்லை. அதைத் தாண்டினால் நீங்கள் 20இல் போனாலும் 70இல் போனாலும் ஒரே குற்றம்தான். இதில் வேகத்தை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. வெறுமையான வீதியில் காரணமில்லாமல் ஊர்ந்து, கோட்டுக்கு அங்கும் இங்கும் போகிற வண்டிதான் பொலிஸின் கண்ணில் முதலில் படும். மெதுவாகப் போவது தனியாக ஒரு குற்றம் இல்லை. இடது ஓரமாகப் போய், பின்னால் வருகிறவருக்கு வழி விட்டால் போதும். ஆனால் குடித்தவருக்கு அந்த ஓரத்தைப் பிடித்து ஓட்டுவதே கஷ்டம்.

[காட்சி: பிரெட்ரிக் கோட்டைப் பக்கம், வீதியைக் கடக்கும் மான்கள்.]

ஓட்டோவுக்கு உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீற்றர் போய்விடும். மான் குறுக்கே வந்ததும் பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி பிந்தினால், அந்த 11 மீற்றருக்குள் எல்லாம் முடிந்துவிடும். மானுக்குப் பதிலாக ஒரு பிள்ளை நின்றால்? எனக்கு நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

சரி, மறித்தால் என்ன நடக்கும்? பலூன் ஊதச் சொல்வார்கள். அந்தக் குழாயில் மஞ்சளாக இருப்பது பச்சையாக மாறினால் கைது. அரச வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சோதிக்கவும் முடியும். வண்டி பொலிஸ் நிலையத்துக்குப் போகும். தபால் கந்தோரில் தண்டம் கட்டி முடிக்கிற விஷயம் இல்லை இது. நீதவான் முன்னால் நிற்க வேண்டும். 2019இல் திருத்திய சட்டப்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம், சிறைக்கும் இடம் உண்டு. லைசன்ஸ் 12 மாதம் வரை நிறுத்தப்படலாம். ஓர் உயிர் போயிருந்தால் சிறையோடு லைசன்ஸும் ரத்தாகும்.

பல பேர் தண்டக்காசைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். லைசன்ஸைப் பற்றி யோசியுங்கள். கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வீட்டை ஓட்டுகிற ஒருவருக்கு ஒரு வருடம் லைசன்ஸ் இல்லை என்றால், சீசன் முழுக்கப் போச்சு. லீசிங் காசு மாதா மாதம் நிற்காமல் வரும். பொறுக்க முடியாமல் களவாக ஓட்டினால் அது இன்னொரு வழக்கு.

[காட்சி: அதிகாலை, டொக்யார்ட் வீதி.]

அப்புறம், "காலையில் எழும்பி ஓட்டுவேன், பிரச்சினை இல்லை" என்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் உள்ள அற்ககோலை ஈரல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் குறைக்கும். கோப்பியோ, தேசிக்காய்த் தண்ணியோ, குளிப்போ அதை விரைவாக்காது. நடுச்சாமம் 12 மணிக்கு 200இல் நின்றவர் 80க்கு இறங்கக் காலை 8 மணியாகும். அந்த நேரத்துக்கு முன்பே பள்ளிக்கூட வேன் கிளம்பிவிடும். அந்த வேனை ஓட்டுகிறவர் நீங்கள் என்றால், கல்யாண வீட்டுக்குப் போக முன்னமே வேறு சாரதி ஒருவருக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.