சினையாகுபெயரில் ஓடும் டிராம்

நண்பர்களே, டிராம் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் ஒரு கதை சொல்வார்கள். இங்கிலாந்தில் பெஞ்சமின் அவுட்ராம் என்றொரு பொறியாளர் இருந்தார், கரி வண்டிகளுக்கு இரும்புத் தண்டவாளம் போட்டவர். அவர் பெயரின் வால்தான் டிராம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவுட்ராம் பிறந்ததே 1764-ல். அதற்கு இருநூறு வருஷம் முன்பே, 1555-ல் எழுதிய ஓர் உயிலில், பார்னார்டு காசில் என்ற ஊரில் 'சாலையை அல்லது டிராமை'ச் செப்பனிட ஒருவர் 20 ஷில்லிங் ஒதுக்கியிருக்கிறார்!

சரி, அப்படியானால் டிராம் என்பது என்ன? வெறும் மரக்கட்டை. வட ஜெர்மனியிலும் ஹாலந்திலும் உத்திரத்துக்கும், தள்ளுவண்டியின் கைப்பிடிக் கட்டைக்கும் வழங்கிய சொல் அது. சுரங்கத்துக்குள் அது கரி வண்டியையே குறித்தது. வண்டி உருண்ட பாதை டிராம்வே ஆனது. அப்புறம் தெருவுக்கு வந்து, குதிரை பூட்டி, ஆட்களை ஏற்றியது. சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953-ல் நின்றது. அதில் ஏறியவர் யாருக்கும் கட்டை ஞாபகம் வந்திருக்காது. பள்ளியில் படித்தோமே சினையாகுபெயர், உறுப்பின் பெயர் முழுப் பொருளுக்கு ஆகி வருவது, அதேதான்.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே முதலில் மேலே இருந்த மின்கம்பிகளின் மீது சின்னச் சக்கர வண்டி ஒன்றை ஓடவிட்டு, அதிலிருந்து ஒயர் வழியாகக் கீழே டிராமுக்கு மின்சாரம் எடுத்தார்கள். அது அடிக்கடி கம்பியை விட்டு நழுவும். பிறகு டிராம் வண்டியின் கூரையிலிருந்து நீண்ட கழியை நிறுத்தி, அதன் நுனிச் சக்கரத்தை ஸ்பிரிங் விசையால் கம்பியின் அடியில் அழுத்தினார்கள். 1888-ல் ரிச்மண்டு நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் இதை ஊர் முழுக்க ஓட்டிக் காட்டினார். அந்தச் சக்கரம்தான் டிராலி. கொஞ்ச நாளில் வண்டிக்கே அந்தப் பெயர். நமக்கோ டிராலி என்றால் விமான நிலையத்தில் பெட்டி தள்ளுவது!

நியூயார்க்கின் புரூக்ளின்காரர்களை 'டிராலி டாட்ஜர்ஸ்', அதாவது டிராலிக்குத் தப்பி ஓடுகிறவர்கள் என்று கேலி செய்தார்கள். ஊர் பேஸ்பால் அணிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1958-ல் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோன பிறகும் அவர்கள் 'டாட்ஜர்ஸ்'தான்.

பிரேசிலில் டிராமுக்குப் பெயர் 'போண்டி'. ரியோவில் டிராம் ஓட்டிய அமெரிக்கக் கம்பெனியின் டிக்கெட்டைப் பார்த்து மக்கள் 'பாண்ட்', அதாவது பத்திரம் என்றார்கள், டிக்கெட்டின் பெயர் வண்டிக்கு ஏறிவிட்டது என்கிறார்கள். இதை எந்த ஆகுபெயரில் சேர்ப்பது என்று முன்வரிசையில் இருக்கும் தமிழாசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.