கழுகு பார்த்து, கடல் பார்த்து

அவையோருக்கு வணக்கம்.

1970, 80களில் வேலூர், ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்குக் 'கடல் டூர்' என்றால் மாமல்லபுரம்தான். அரைப் பரீட்சை முடிந்து, பொங்கலும் கழிந்து, தையிலோ மாசியிலோ கிளம்புவார்கள். விடிகாலை 4 மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும்.

அந்த நாளின் நேரக் கணக்கைத் தீர்மானித்தவர் தலைமையாசிரியர் அல்லர். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள்! உச்சி வேளையில் மலைமேல் குருக்கள் வைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கு அவை இறங்கும். அதைப் பார்க்க 500க்கும் மேற்பட்ட படிகளை வெயிலில் ஏற வேண்டும். இறங்கிச் சாப்பிட்டு, மாமல்லபுரம் போய், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் சுற்றினால் மணி நாலு. பிள்ளைகளும் களைத்து, வாத்தியார்களும் களைத்த அந்த நேரத்தில்தான் கடலுக்குக் கூட்டிப்போவார்கள். பெரிய தப்பு அது. காலையிலேயே கடலை முடித்துவிட்டு, கோயில்களைப் பின்னால் வைத்திருக்கலாம். கழுகு விடவில்லை. 1990களுக்குப் பிறகு கழுகுகளே வருவதில்லை என்பது வேறு கதை.

சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். 50 பிள்ளைகளுக்கு 6 கிலோ அரிசிப் புளியோதரை. கிலோவுக்குப் புளி 125 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி. சாதத்தை உதிரியாக வடித்து, துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். அவசரத்தில் சூட்டோடு கலந்து அண்டாவை மூடினால் மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டும், பகலுக்குள் ஊசிப்போகும். தயிர் சாதத்தில் தயிரை ஊற்றுவதே பிசகு. குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை விட்டு, உறைக்கு இரண்டு கரண்டி தயிர் போட்டால் பஸ் போகப் போக அது தோயும். இலையில் விழும்போது புளிப்பு பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வறுத்து அரைத்த துவையல் போதும்.

இனி கடல். அங்கே கரை சட்டென்று இறங்கும். ஒரு எட்டில் முழங்கால், அடுத்த எட்டில் இடுப்பு. 'முழங்கால் வரைதான்' என்று வாத்தியார் சொல்வார். யார் முழங்கால்? அவருடைய முழங்கால் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தொடை. அதிலும் அலை பின்வாங்கி நிற்கும்போது அளந்தால் ஏமாந்தோம். அலை ஏறி வரும்போது அளக்க வேண்டும். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். பிள்ளை மல்லாந்து விழும். எழுவதற்குள் அடுத்த அலை மூடிவிடும். முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்காதே என்று சொல்வது இதனால்தான்.

தாம்புக் கயிறு கட்டிய பள்ளிகளும் உண்டு. இரண்டு முனையிலும் ஆள் நின்று கரைக்கு இணையாகப் பிடிப்பார்கள்; பிள்ளைகள் கரைப் பக்கம் நிற்க வேண்டும். கயிறு எல்லையைக் காட்டத்தான், தொங்குவதற்கு அல்ல. பத்துப் பேர் தொங்கினால் அலை தூக்கும்போது கயிறு எகிறிக் கழுத்தில் அடிக்கும். நனைந்த நார் உள்ளங்கையைச் சிராய்க்கும்.

எல்லாவற்றையும்விட மோசம், அமைதியாகத் தெரியும் இடம். இருபுறமும் அலை உடையும். நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கிடக்கும். பயந்த பிள்ளை அங்கேதான் இறங்கும். கரையேறிய தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது. இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு திரும்ப வேண்டும். இதை அந்தக் காலத்தில் பெரும்பாலும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை.

தலை எண்ணுவதிலும் சூட்சுமம் உண்டு. பஸ்ஸுக்குள் வரிசையாக எண் சொல்லச் சொன்னால் வராத பையனுக்குப் பக்கத்தில் இருப்பவன் குரல் கொடுத்துவிடுவான். படிக்கட்டில் ஒரே ஆள் நின்று, ஏறுகிறவர்களைத் தொட்டு எண்ணுவதே சரி. கடற்கரையில் நாலு பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை, காக்கி நிக்கர்; அதனால் மணிக்கட்டில் கலர் ரிப்பன் கட்டினார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டால் ஒருவனைக் காணோம் என்பது அடுத்தவனுக்கு உடனே தெரியும்.

ஏறும்போது டவுசர் பைகளையும் தடவிப் பார்ப்பது நல்லது. வெற்றுச் சிப்பி என்று பொறுக்கியதில் சிலவற்றுக்குள் உயிர் இருக்கும். மூன்றாம் நாள் வகுப்பறை முழுக்க நாறும்.