அகப்பையின் காம்பு

(சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அப்பன்திருப்பதிப் பக்கம் ஓர் ஊர்ச் சாவடியில் பேசியது. அழகர் வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் இளைஞர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறேன்.)

பெரியவர்களே, தாய்மார்களே, பந்தலில் நிற்கப்போகும் தம்பிகளே,

"தொற்றுநோய் எப்படிப் பரவுது, ஒடம்பை என்ன பண்ணுது, எப்படித் தடுக்குறது, எல்லாத்தையும் அரை மணி நேரத்துல சொல்லிருங்க சார்" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார் தலைவர். எல்லாவற்றையும் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. காற்றில் வருவது, கொசுவில் வருவது, நாய்க்கடியில் வருவது என்று அது பெரிய கணக்கு. நீங்கள் வைக்கப்போவது தண்ணீர்ப் பந்தல். அதனால் வாய்வழியாக வருவதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. போன வருசம் அண்டாவிலிருந்து நீர்மோரை எதில் மொண்டு ஊற்றினீர்கள்? சொம்பில் என்கிறார் ஒரு தம்பி. சரி, சொம்புக்குக் காம்பு உண்டா? கிடையாது. அப்படியென்றால் மோர் குறையக் குறைய உங்கள் கையும் அண்டாவுக்குள் இறங்கியிருக்கும். முதலில் விரல், அப்புறம் மணிக்கட்டு, மத்தியானத்துக்கு மேல் முழங்கை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பார்கள். சுகாதாரத் துறையில் நான் கற்றுக்கொண்டது அதற்கு நேர் எதிர்: அகப்பையைப் பிடித்த கையில் இருப்பது சட்டிக்குள் போகும்.

நம் ஊரில் எச்சில் என்றால் அவ்வளவு பயம். என் அப்பத்தா டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் முதுகிலேயே ஒன்று வைப்பார். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். நல்ல பழக்கம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே அப்பத்தா, குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு, கையை வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடியே குடத்துக்குள் சொம்பை விடுவார். எச்சிலைப் பார்த்த கண் விரலைப் பார்க்கவில்லை. வாந்திபேதி என்கிற காலரா, டைபாய்டு, சீதபேதி, ஒருவகை மஞ்சள் காமாலை ஆகிய நான்குக்கும் எச்சில் பெரிய விஷயம் இல்லை. ஒருவர் வெளிக்குப் போனதில் இருக்கும் கிருமி இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும், அவ்வளவுதான். கேட்க அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். நாசூக்காகச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருசம் யாருக்கும் புரியாமல் போனது.

எவ்வளவு கிருமி போனால் நோய் வரும் என்பது ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறும். காலராக் கிருமி நல்ல வயிற்றில் வேலை காட்டக் கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். இரைப்பையின் அமிலம் பெரும்பாலானதைக் கொன்றுவிடும். சீதபேதிக் கிருமி ஷிகெல்லா அப்படி இல்லை. நூறோ, அதற்கும் குறைவோ போதும். நகக்கண் அழுக்கு அதற்குத் தாராளம்.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதை நான் காலராவை வைத்துச் சொல்கிறேன், அதில்தான் கணக்கு தெளிவாகத் தெரியும். நாம் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் போலக் குடிக்கிறோம். ஆனால் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் குடலுக்குள் வருவது 8, 9 லிட்டர். மலத்தோடு வெளியே போவது 200 மில்லிக்கும் குறைவு. மீதி அத்தனையையும் குடல் உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. கண்மாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வரத்தும் உண்டு, மடையும் உண்டு. நீர்பாய்ச்சி பார்த்துப் பார்த்துப் பலகையை ஏற்றி இறக்குகிறார்.

காலராக் கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை, ரத்தத்துக்குள் போவதுமில்லை. மேலே ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சை மட்டும் விடுகிறது. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் போய், மடையைத் திறந்துவிட்டுச் சாவியை உடைத்துப்போட்ட மாதிரி ஒரு காரியம் செய்கிறது. செல்லிலிருந்து உப்பு வெளியே கொட்டுகிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கடுமையாக வந்தவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. கண் உள்ளே போய்விடும், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடி நிற்கும், கெண்டைக்கால் இழுக்கும், சிறுநீர் நின்றுவிடும். காலையில் நடமாடியவர் சாயங்காலம் இல்லை. பழைய ஆட்கள் கக்கல் கழிச்சல் என்று சொல்லும்போதே குரல் தாழ்வது அதனால்தான். கிருமி அவர்களைக் கொல்லவில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் கொன்றது.

இந்த நஞ்சைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், கல்கத்தாவில் இருந்த சம்புநாத் டே. 1959-இல் முயலின் குடலை வைத்துச் செய்த சோதனையில், கிருமியே இல்லாத, கிருமி வளர்ந்த சாறு மட்டும் போதும், குடல் நீர் கட்டி உப்பிவிடும் என்று காட்டினார். காலராவுக்குக் காரணமான கிருமி எது என்று ராபர்ட் கோக் 1884-இல் சொல்லிவிட்டார். அது எப்படிக் கொல்கிறது என்று தெரிய அதற்குப் பின் 75 வருசம் ஆகியிருக்கிறது. சம்புநாத் டேயின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

குடல் சுவர் கெடவில்லை என்றேன் இல்லையா, உயிர் பிழைக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. உடைந்தது ஒரு மடை. பக்கத்தில் இன்னொரு கதவு நல்லபடியாக இருக்கிறது. அது சர்க்கரையும் உப்பும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும், மறுவீட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து வர வேண்டும் என்கிற மாதிரி. வெறும் தண்ணீர் கொடுத்தால் பிரயோசனம் இல்லை. வெறும் உப்புத் தண்ணீரும் நிற்காது. இரண்டும் அளவாகச் சேர்ந்தால் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பான்கான் என்ற ஊரில் டாக்டர் திலீப் மகலனபிசுக்குக் கையில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு, அந்தக் கரைசல் கொடுத்தவர்களிடம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. அதுதான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மூலம்.

அந்தப் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவது தப்பு, உப்பு கூடிவிடும். கலந்ததை மறுநாள் வரை வைக்கலாம், அதற்குமேல் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான், சோற்றின் மாவு குடலில் சர்க்கரையாகி அதே கதவைத்தான் தட்டுகிறது. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புச் சாறு அதற்கு ஈடு இல்லை. சர்க்கரை கூடினால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்து வெளியே விடும். அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்ப்பா" என்று குழந்தையின் வாயைக் கட்டுகிற அம்மாக்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். போகட்டும் தாயே, போவதற்கு மேல் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. குழந்தை துவண்டால், குடிக்க மறுத்தால், ரத்தம் போனால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு.

சரி, தடுப்பதற்கு வருவோம். என் சின்ன வயதில் திருவிழாவுக்குப் போகிறவர்களை வழியில் நிறுத்திக் காலரா ஊசி போடுவார்கள். கை இரண்டு நாள் வீங்கும். அந்த ஊசி கொடுத்த காவல் கொஞ்சம்தான், 1973-இல் உலக சுகாதாரப் பேரவையே நாடு விட்டு நாடு போக இனி காலரா ஊசிச் சான்றிதழ் தேவையில்லை என்று விட்டுவிட்டது. பெரிய வேலையைச் செய்தது பிளீச்சிங் பவுடர்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். மேலூர்ப் பக்கம். ஒரே தெருவில் பத்துப் பதினைந்து பேருக்குப் பேதி. மேல்நிலைத் தொட்டியைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. தொட்டித் தண்ணீரில் அந்தப் பவுடரின் குளோரின் இருந்தது, சோதனை மருந்தை விட்டதும் மஞ்சள் நிறம் வந்தது. கடைசித் தெருக் குழாயில் நிறமே வரவில்லை. அந்தத் தெரு மேடு, தண்ணீர் ஏறாது. அதனால் வீட்டுக்கு வீடு குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்திவிட்டார்கள். குழியில் பாத்திரம் கழுவிய தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் எல்லாம் தேங்கி நிற்கிறது, குழாய் வாய் அதில் முங்கிக் கிடக்கிறது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே வரும். மோட்டாரை நிறுத்தியதும் குழாய் காலியாகி, குழித் தண்ணீரை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்தில் அதுதான் வரும். அந்தத் தெருவில் முதல் குடம் பிடிக்க விடியற்காலையிலேயே சண்டை நடக்கும் என்பது தனிக்கதை.

உங்கள் பந்தலுக்கு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் வைப்பதாகச் சொன்னீர்கள். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 4 கிராம். அப்படியே தூவாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். தயிரும் அப்படித்தான். ஆகவே முதலில் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம்தான் மோர் கரைக்க வேண்டும், மோரில் பவுடரைப் போட்டுப் பயனில்லை. புளித்த மோரில் கிருமி தங்காது என்பதையும் நம்ப வேண்டாம்.

ஐஸ் கட்டி எனக்கு ரொம்பப் பயமான சாமான். பந்தலில் மோர் ஜில்லென்று இருக்க வேண்டும் என்று, மீன் வண்டிக்குப் போகிற பார் ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, தரையில் போட்டு உடைத்து அண்டாவுக்குள் தள்ளுகிறீர்கள். அது எந்தத் தண்ணீரில் செய்ததோ. உறைந்தால் கிருமி சாகாது, தூங்கும். ஜில்லென்று வேண்டுமா, மண்பானை வையுங்கள். அல்லது ஐஸை வெளியே வைத்து, அதன் நடுவில் மூடிய பாத்திரத்தை வையுங்கள்.

மோர் கரைக்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைபாய்டு வந்து குணமான சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். அவருக்கு ஒன்றும் செய்யாது, கைபட்டதைச் சாப்பிடுகிறவருக்குத்தான் காய்ச்சல். அமெரிக்காவில் மேரி மலோன் என்ற சமையல்கார அம்மா அப்படித்தான் வேலை பார்த்த பல வீடுகளில் நோயைக் கொடுத்தார். 1907-இல் பிடித்துத் தீவில் வைத்தார்கள். விட்டார்கள், பேர் மாற்றி மறுபடி சமைக்கப் போனார், மறுபடி பிடித்தார்கள். 1938-இல் சாகும்வரை மொத்தம் 26 வருசம் தனிமை. எனக்கு அந்த அம்மா மேல் இரக்கம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உன் வயிற்றில் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? காமாலையிலும் இந்தச் சங்கடம் உண்டு. கண் மஞ்சளாவதற்கு முந்தின வாரங்களில்தான் அதிகமாகப் பரப்புவார். மஞ்சளைப் பார்த்துத் தட்டைப் பிரித்து வைக்கும்போது காரியம் முடிந்திருக்கும். அதனால் யாருக்கு நோய் என்று தேடாதீர்கள், எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேதியில் இருக்கிறவர் மட்டும் இந்த வருசம் மோர்ப் பக்கம் வராமல் கயிறு பிடித்துக் கூட்டம் ஒதுக்கட்டும்.

அப்புறம் கப். அழகர் போன மறுநாள் ரோட்டோரம் முழுக்கக் கப்புதான். சித்திரையில் ஒரு கோடைமழை பெய்யும். கப்பில் நிற்கிற ஒரு வாய்த் தண்ணீர் டெங்குக் கொசுவுக்குப் போதும், முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட ஆகாது. அள்ளிவிடுங்கள்.

இனி அண்டாவுக்குப் பதில் குழாய் வைத்த டிரம் வையுங்கள். அண்டாதான் வேண்டும் என்றால் மூடி, முழ நீளக் காம்பு வைத்த அகப்பை, அதை மாட்ட ஓர் ஆணி. அகப்பையைக் கீழே வைத்தால் காம்பு இருந்தும் பிரயோசனம் இல்லை.

பேசி முடித்ததும் எனக்குக் குடிக்க ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், சாவடிக் குழாயில் பிடித்தது. சோதனைப் பெட்டி பையில் இருந்தது. சிறு குப்பியில் ஊற்றி மருந்தை விட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஒரு நிமிசம் பார்த்தோம், நிறம் வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து டேங்க் ஆபரேட்டர் எழுந்தார்.

"பவுடர் மூட்டை வாய் தெறந்தே கெடந்துச்சு சார். வீரியம் போயிருச்சு போல."

சரி, நாளைக் காலை ஆறு மணிக்கு டேங்க் அடியில் பார்ப்போம் என்றேன். புது மூட்டைக்கு நான் சொல்லிவிடுகிறேன். கடைசித் தெருக் குழாய்க் குழிகளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம், இரண்டு தம்பிகள் மண்வெட்டியோடு வாருங்கள்.