இரண்டு தண்ணீருக்கு நடுவில்: வடமராட்சி கிழக்கின் புயல், வெள்ளம், சுனாமி

[காட்சி: மணற்காடு, காலை வெயில். மணலுக்குள் பாதி புதைந்த சுவர்கள்.]

வணக்கம். பின்னால் தெரிவது மணற்காட்டின் பழைய அந்தோனியார் கோயில். கூரை இல்லை, சுவர்கள்தான் மிச்சம். ஒரு நாளில் வந்துபோன எந்த அழிவும் இதை இப்படி ஆக்கவில்லை. காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து, வருடக் கணக்காகக் கொட்டி மூடியது. அனர்த்தம் என்றால் எங்களுக்குப் புயலும் சுனாமியும்தான் நினைவுக்கு வரும். இப்படி மெல்ல மெல்ல வருவதும் உண்டு.

[காட்சி: வரைபடம். பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை கரை சிவப்பாகிறது.]

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டில், பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்காகச் சுண்டிக்குளம் வரை நீளும் இந்தக் கரைதான் வடமராட்சி கிழக்கு. அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, கட்டைக்காடு எல்லாம் இதில்தான். ஒரு பக்கம் வங்கக்கடல். மறுபக்கம் பரவைக்கடல், அதாவது நீரேரி. நடுவில் ஒடுங்கலான மணல் வரம்பு, அதன் மேல் ஊர்கள். இங்கே ஆபத்து வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது?

சரி, 1964க்குப் போவோம்.

[காட்சி: வரைபடத்தில் இடஞ்சுழியாகச் சுழலும் புயல், வவுனியாவைக் கடந்து மன்னார் நோக்கி நகர்கிறது.]

டிசம்பர் 22 இரவு. அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. வங்கக்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004இல்தான் தொடங்கியது. அதனால் எங்கள் பெரியவர்களுக்கு அது வெறும் 'அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்'. வவுனியாப் பக்கமாக ஏறி, மன்னாரைத் தாண்டி, தனுஷ்கோடியை இல்லாமல் செய்தது. ஆட்களோடு வந்த ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டு போன கதை எல்லாருக்கும் தெரியும்.

புயலின் மையம் எங்களுக்குத் தெற்கால்தானே போனது, யாழ்ப்பாணத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. மையம் தெற்கால் மேற்கு நோக்கிப் போனால், வடக்கில் இருக்கும் எங்களுக்குக் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து நேராக அடிக்கும். வடமராட்சி கிழக்கின் கரை பார்த்துக்கொண்டிருப்பதோ வடகிழக்கை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரித்தான். செய்தியில் 'புயல் திருகோணமலைக்கு அருகே கரையைக் கடக்கும்' என்று கேட்டதும், அப்பாடா நாங்கள் தப்பினோம் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

2020இல் புரெவி அப்படித்தான் வந்தது. நல்லவேளை, காற்றில் அது பலவீனம். ஆனால் மழை கொட்டித் தீர்த்தது. 2008 நவம்பரில் நிஷா, 2024 நவம்பரில் ஃபெங்கல் இரண்டும் கரையைக் கடந்தது தமிழ்நாட்டில், ஒன்று காரைக்கால் அருகே, மற்றது புதுச்சேரி அருகே. நனைந்து மிதந்தது நாங்களும்தான். நிஷா வந்தபோது யுத்தமும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தது, அதையும் மறக்கக் கூடாது.

[காட்சி: தொண்டைமானாறு தடுப்பணை. கதவுகளுக்கு ஊடாக நீர் பாய்கிறது.]

இந்த மழைவெள்ளம் வருவது பெருங்கடல் பக்கத்தால் அல்ல, முதுகுப் பக்கத்தால். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நிலமும் தட்டை. மாரியில் விழும் தண்ணீர் வயலில் நின்று, குளத்தில் நிறைந்து, நீரேரிக்குள் இறங்கும். வடமராட்சி நீரேரிக்கு வாசல் தொண்டைமானாறு. ஆனையிறவுப் பக்கத்துக்கு வாசல் சுண்டிக்குளம். அந்த வாசலில் மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி வீட்டு வளவுக்குள் ஏறும். வெட்டிவிட்டாலோ பேய்த்தனமாக இழுக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது, சுண்டிக்குளம் பக்கத்தில் முகத்துவாரத்தை அகலமாக்கப் போன கடற்படையினர் ஐந்து பேரை அந்த நீர்தான் கொண்டுபோனது.

[காட்சி: உடுத்துறை சுனாமி நினைவாலயம். பின்னணி இசை நிற்கிறது.]

2004 டிசம்பர் 26, ஞாயிறு. நத்தாருக்கு மறுநாள், போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினமும்கூட. மழை இல்லை, காற்று இல்லை, வானொலியில் எச்சரிக்கையும் இல்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து சுமார் இரண்டு மணித்தியாலத்தில் அலை இந்தக் கரைக்கு வந்துவிட்டது. யாழ் மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இந்த மணல் வரம்பில் வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு டிசம்பர் 26உம் உடுத்துறையில் விளக்கேற்றுகிறார்கள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

[காட்சி: கட்டுக்கிணறு. கப்பி, கயிறு, வாளி.]

அலை திரும்பிப் போன பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. கிணறுகளுக்குள் கடல்நீர் இறங்கிவிட்டது. எல்லாரும் செய்வதைத்தான் எங்கள் பெரியம்மா வீட்டிலும் செய்தார்கள்: பம்ப் வைத்து இறைத்தார்கள். "இறைக்க இறைக்க உப்புத்தான் மோனை கூடினது," என்பார் பெரியம்மா.

காரணம் இருக்கிறது. இந்த மணலுக்கு அடியில் நன்னீர் ஒரு தட்டு மாதிரி உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்பது கணக்கு. மேலே அவசரமாக இறைத்தால் அந்த அழுத்தம் குறைந்து, கீழிருந்து உப்பு மேலே ஏறும். அப்புறம் எப்படித்தான் கிணறு தேறியது? மாரி மழைதான். வளவுக்குள் வந்து நின்று நாங்கள் திட்டிய அதே வெள்ளம் மணலுக்குள் ஊறி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது.

மணல்மேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழையைப் பிடித்து வைப்பது இந்த மணல்தான், அலையின் வேகத்தைக் குறைப்பதும் இதுதான். இரவில் டிப்பரில் ஏறிப் போவதும் இதே மணல். எனக்கு இதில் நடுநிலை எல்லாம் கிடையாது.

[காட்சி: தாளையடிக் கடற்கரை. தூரத்தில் சுத்திகரிப்பு நிலையம்.]

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நீர் தரக்கூடியது. பெரியம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கடலையோ குடிக்கத் தரப் போறாங்கள்?" என்று கேட்டுவிட்டு, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். மெதுவாகத்தான் இறக்கினார்.