லேப்டாப் பேட்டரி: மாற்றும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

நேயர்களுக்கு வணக்கம். லேப்டாப் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கடைக்குப் போகும் முன் லேப்டாப்பையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

விண்டோஸ் என்றால், தேடும் பெட்டியில் சிஎம்டி என்று அடித்துக் கறுப்புத் திரையைத் திறங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி அடியுங்கள். ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு, பிறகு பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அங்கேயே காட்டும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது பிடித்த அளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இன்று பிடிக்கும் அளவு. 50,000 இருந்தது 31,000 ஆகியிருந்தால் மிச்சம் 62 சதவீதம்.

80க்கு மேல் இருந்தால் பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள். திரை வெளிச்சத்தையும் பின்னணியில் ஓடும் புரோகிராம்களையும் பாருங்கள். 60க்குக் கீழே போனால் மாற்றலாம். 30 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைகிறதா? முழுக்க ஏற்றி, தானாக அணையும் வரை ஓட்டி, மறுபடி இடைவிடாமல் முழுக்க ஏற்றிப் பாருங்கள். லேப்டாப் காட்டும் சதவீதக் கணக்குதான் பிசகியிருந்தால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் செல் தேய்ந்திருக்கிறது. சுமை ஏறியதும் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது.

டச்பேட் மேலெழும்பி கிளிக் ஆகவில்லை, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது என்றால் எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அன்றைக்கே கழற்றக் கொடுங்கள். அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது.

வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொன்னால் ஏமாற்றம்தான். ஒரே மாடலில் 3 செல்லும் வந்திருக்கும், 4 செல்லும் வந்திருக்கும். சிலவற்றில் பெரிய பேட்டரி, ஹார்ட் டிஸ்க் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். பழைய பேட்டரியின் லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். அதிலுள்ள பார்ட் நம்பர்தான் முக்கியம். 10.8 வோல்ட்டும் 11.1 வோல்ட்டும் மூன்று செல் வரிசைதான், பயப்பட வேண்டாம். 11.1க்குப் பதில் 14.8 போடக் கூடாது.

லேபிளிலேயே ஒரு பெருக்கல் போடுங்கள். 11.4 வோல்ட், 3,600 மில்லி ஆம்பியர் அவர் என்றால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 41 வாட் அவர் வர வேண்டும். அதே லேபிளில் 60 வாட் அவர் என்று போட்டிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா, தயாரித்து ஓராண்டுக்குள்தானா என்றும் பாருங்கள். லித்தியம் பேட்டரி அலமாரியில் கிடந்தாலும் வயதாகும்.

மாட்டியதும் அதே அறிக்கையை மறுபடி எடுங்கள். சைக்கிள் கவுண்ட், அதாவது பேட்டரி எத்தனை முழு சார்ஜ் அளவுக்கு ஓடியிருக்கிறது என்ற எண்ணிக்கை, சில லேப்டாப்பில் வெறும் கோடாக இருக்கும், அது குறையல்ல. "புதுசு" என்று கொடுத்ததில் 150 என்று வந்தால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கேளுங்கள்.