ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, நாம் ஓடும் நாளெல்லாம் சாலையை மறித்து வழிவிடும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, ஒவ்வொரு வருடமும் காசு வாங்காமல் மோர் தரும் பால் கடை அண்ணன் அவர்களே, ரேஸ்கோர்ஸில் விடியற்காலை 5 மணிக்கு என்னோடு ஓடும் தோழர், தோழிகளே, அனைவருக்கும் வணக்கம். அண்ணன் கடை மோரைக் குடித்துத்தான் எனக்கு 30-ஆவது கிலோமீட்டர் தாண்டும். அந்த நன்றியை மேடையில் சொல்ல வேண்டும் என்று பல நாள் ஆசை.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஏமாற்றியவரை என்ன செய்வது, ஏமாந்தவருக்கு என்ன செய்வது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வது.

போன மாதம் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஒருவர் யூ-டர்ன் வரை போகாமலே திரும்பி வந்து மூன்றாம் பரிசு வாங்கினார். சாயங்காலத்துக்குள் அவர் படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. நான்காவதாக வந்த அக்காவைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினோமா? அவர் பரிசளிப்புக்கு முன்பே பஸ் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு உடனே ஜாக்லின் கரோ ஞாபகம் வந்தது. 1980 ஏப்ரல் 21, பாஸ்டன் மராத்தான். கனடாக்காரரான கரோ பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருக்கிறார். வழி நெடுக ஜனங்கள் “நீதான் முதல்” என்று கத்துகிறார்கள். முடிவுக் கோட்டை நெருங்கும்போது “நீ இரண்டாவது” என்கிறார்கள்! ஒருவரும் தன்னைத் தாண்டவில்லையே என்று அவருக்குக் குழப்பம். போய்ப் பார்த்தால் ரோஸி ரூயிஸ் என்பவர் தலையில் வெற்றி வளையத்தோடு நிற்கிறார். 2 மணி 31 நிமிடம் 56 வினாடியாம். பேட்டியில் ‘இன்டர்வல்’ பயிற்சி, அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் பயிற்சி, செய்வீர்களா என்று கேட்டால், அப்படியென்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார். நம் குழுவில் நேற்று சேர்ந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் அவர் கூட்டத்திலிருந்து சாலையில் குதித்ததைப் பார்த்த மாணவர்கள் வந்து சொன்னார்கள். சுமார் ஒரு வாரத்தில் ரூயிஸின் வெற்றியை ரத்து செய்தார்கள்.

இதோடு விட்டிருந்தால் அது வெறும் தண்டனை. பாஸ்டன்காரர்கள் கரோவைத் திரும்ப அழைத்து, விழா வைத்துப் பதக்கம் போட்டார்கள். 25 வருடம் கழித்து, 2005-இல் மறுபடியும் மரியாதை செய்து, முடிவுக் கோட்டில் நாடாவை அறுத்து ஓட வைத்தார்கள். அவருடைய 2:34:28 அன்றைக்கு அந்தப் பாதையில் பெண்களுக்கான சாதனை நேரம். அந்த நேரத்துக்கு உரிய கைதட்டலைக் கொடுத்தே தீர்வது என்று ஓர் ஊர் நினைத்திருக்கிறது. எனக்கு இதைச் சொல்லும்போதே தொண்டை அடைக்கிறது.

ஏமாற்றியவரைப் பற்றியும் சொல்கிறேன். 2019 லாஸ் ஏஞ்சலஸ் மராத்தானில் 70 வயது மருத்துவர் ஒருவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அவர் கடைசிவரை மறுத்தார். இணையத்தில் அவரை விடாமல் விரட்டினார்கள். சில நாட்களில் அவர் உயிரோடு இல்லை. தயவுசெய்து படம் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் நடத்துபவரிடம் சொல்லுங்கள், அவர் விசாரிக்கட்டும்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று என் அப்பத்தா சொல்வார். அரிசிக்குச் சொன்னதை நான் ஓட்டத்துக்கும் சொல்கிறேன். ஓடுபவரிடம் இருக்கும் சிப்பைத் தாண்டும்போது பதிவு செய்கிற விரிப்புதான் டைமிங் மேட். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அதை விரித்தால் அது அளவே இல்லை. 2017 மெக்சிகோ சிட்டி மராத்தானில் ஏறக்குறைய 6,000 பேரைத் தகுதி நீக்கம் செய்ய முடிந்தது எப்படி? வழியில் விரித்த மேட்டுகளில் அவர்கள் சிப் பதிவாகவில்லை. நமக்கு அத்தனை மேட்டுக்குப் பணமில்லை என்கிறார்கள். சரி, யூ-டர்னில் ஆள் நிறுத்தி, திரும்புகிறவர் கையில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டலாமே. ஒரு பாக்கெட் என்ன விலை? பரிசு வாங்கும்போது மணிக்கட்டைக் காட்டினால் போதும். இதற்காக மூன்று கூட்டமாகக் கேட்கிறேன். அளந்து போடு!

அடுத்த ஓட்டத்தில் இரண்டு யூ-டர்னுக்கும் எட்டு பேர் வேண்டும், காலை 4.30-க்கு வரவேண்டும். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது, என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அப்புறம், அந்த அக்காவின் பதக்கத்தை நடத்தியவர்களிடம் பேசி வாங்கிவிட்டோம். அடுத்த ஞாயிறு காலை அவர் ரேஸ்கோர்ஸுக்கு வருகிறார். எல்லோரும் வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.